உருளும் பொருள் கணக்குகள்: உராய்வை ஊகிக்காமல் போடுவது எப்படி

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற இடம் எது என்று கேட்டால், யோசிக்காமல் உருளும் இயக்கம் என்றுதான் சொல்வேன். சூத்திரங்கள் கஷ்டம் என்பதால் இல்லை, அவை நாலே நாலுதான். கணக்கைப் பார்த்த உடனே "உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிராக" என்று ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு, அதன் அளவாக உராய்வுக் குணகம் (தொடும் பரப்புகளின் சொரசொரப்பைக் காட்டும் எண்) பெருக்கல் செங்குத்து விசை (தளம் பொருளைத் தனக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை) என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டு வரியிலேயே கணக்கு போச்சு. உருளும் பொருளில் உராய்வு முன்பக்கமும் இருக்கும், பின்பக்கமும் இருக்கும், சில நேரம் சுத்தமாக இல்லாமலும் இருக்கும். அதன் அளவோ பெரும்பாலும் குணகத்தைப் பொறுத்ததே இல்லை.

அதனால் இங்கே நான் சொல்லப்போவது ஒரே விஷயம்: உராய்வைத் தெரிந்ததாக வைத்துக்கொள்ளாமல், கண்டுபிடிக்க வேண்டிய எண்ணாக வைத்துக் கணக்கு போடுங்கள். நீட், ஜேஇஇ எழுதுகிறவர்களுக்கு இது நேரடியாக உதவும். சும்மா கோலிக்குண்டு ஏன் அப்படி உருளுகிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களும் படிக்கலாம், பள்ளிக்கூட அல்ஜீப்ரா ஞாபகம் இருந்தால் போதும்.

தரையைத் தொடும் புள்ளி என்ன செய்கிறது?

முதல் வேலை, சக்கரத்தை முழுசாகப் பார்க்காமல் அது தரையைத் தொடும் அந்த ஒரு புள்ளியை மட்டும் பார்ப்பது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சைக்கிள் போகிறது, அதாவது நொடிக்கு 5 மீட்டர். சக்கரத்தின் மையம் முன்பக்கமாக 5 மீட்டர் வேகத்தில் போகிறது. விளிம்பில் உள்ள எந்தப் புள்ளியும் மையத்தைச் சுற்றி அதே 5 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. உச்சியில் இருக்கும் புள்ளிக்கு இரண்டும் ஒரே திசை, கூட்டினால் 10. அடியில் இருக்கும் புள்ளிக்குச் சுழற்சி பின்பக்கம், ஓட்டம் முன்பக்கம், கழித்தால் பூஜ்யம். ஆக, ஓடுகிற சைக்கிளில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர் அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. நம்ப முடியாவிட்டால் வெளிச்சம் மங்கிய நேரத்தில் உங்களைக் கடந்து போகும் சைக்கிளைப் பக்கவாட்டில் போனில் படம் எடுத்துப் பாருங்கள். மேல்பாதியில் கம்பிகள் கலங்கிப்போய் ஒரே தகடு மாதிரி தெரியும், தரைக்கு அருகில் இருப்பவற்றை மட்டும் தனித்தனியாக எண்ணலாம். ரயில் சக்கரத்தில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. தண்டவாளத்தின் உள்பக்கமாக, தண்டவாள மட்டத்துக்கும் கீழே இறங்கி நிற்கும் விளிம்பு ஒன்று அந்தச் சக்கரத்துக்கு இருக்கிறது அல்லவா, அதன் அடிப்பகுதி, ரயில் முன்னால் பாய்ந்துகொண்டிருக்கும்போதே பின்னால் போகிறது.

தொடும் புள்ளி நின்றால் அது தூய உருளுதல். அதற்கான நிபந்தனை:

மையத்தின் திசைவேகம் = ஆரம் × கோணத் திசைவேகம்

கோணத் திசைவேகம் என்பது பொருள் சுழலும் வேகம், கோண முடுக்கம் என்பது அது மாறும் வீதம். உருளுதல் தொடர்ந்து நீடிக்கிறது என்றால் மையத்தின் முடுக்கமும் ஆரம் × கோண முடுக்கமாக இருக்க வேண்டும். இந்தச் சமன்பாடு உண்மையாக இல்லாத இடத்தில் நழுவுதல் நடக்கிறது. சேற்றில் மாட்டிய வண்டியின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்போது தொடும் புள்ளி பின்பக்கம் நழுவுகிறது, அதனால் உராய்வு முன்பக்கம். பிரேக் பிடித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டே போனால் தொடும் புள்ளி முன்பக்கம் நழுவுகிறது, உராய்வு பின்பக்கம். உராய்வு எதிர்ப்பது பொருளின் ஓட்டத்தை அல்ல, தொடும் புள்ளியின் நழுவலைத்தான். இந்த வரியை மட்டும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால்கூடப் பாதி வேலை முடிந்தது.

தூய உருளுதலில் தொடும் புள்ளி நிற்பதால் அங்கே இருப்பது ஓய்வுநிலை உராய்வு. அதில் இரண்டு லாபம். ஒன்று, அசையாத புள்ளியில் செயல்படும் விசை ஆற்றலைச் செலவழிக்காது, அதனால் ஆற்றல் மாறா விதியைத் தைரியமாகப் பயன்படுத்தலாம். இரண்டு, ஓய்வுநிலை உராய்வுக்கு நிலையான அளவு கிடையாது, தேவைக்குத் தக்கபடி பூஜ்யத்திலிருந்து ஓர் உச்சம்வரை எதுவாகவும் இருக்கும். குணகம் × செங்குத்து விசை என்பது அந்த உச்சம் மட்டுமே. நழுவுகிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் அதை உராய்வின் அளவாக எழுதலாம்.

வடிவ எண்

பந்து, வளையம், தட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கு போடத் தேவையில்லை. நிலைமத் திருப்புத்திறனை (பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்று காட்டும் அளவை) நிறை × ஆர வர்க்கத்தால் வகுத்தால் அலகு இல்லாத ஓர் எண் கிடைக்கும். அதை இங்கே வடிவ எண் என்று வைத்துக்கொள்வோம். திண்மக் கோளத்துக்கு 2/5, தட்டுக்கும் திண்ம உருளைக்கும் 1/2, உள்ளீடற்ற கோளத்துக்கு 2/3, மெல்லிய வளையத்துக்கும் மெல்லிய குழாய்க்கும் 1. நிறை விளிம்புப் பக்கம் ஒதுங்க ஒதுங்க எண் ஏறும். தடித்த குழாய் என்றால் உள் ஆரத்தை வெளி ஆரத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 1 கூட்டி, பாதியாக்கினால் அதன் வடிவ எண். கணக்கில் உண்மையான நிறையும் ஆரமும் பெரும்பாலும் அடிபட்டுப் போய், கடைசியில் இந்த எண் மட்டும்தான் மிஞ்சும். அதனால் தேர்வறையில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

கணக்கு போடும் வரிசை

படம் வரையுங்கள். பொருள் எந்தப் பக்கம் போகும் என்று நினைக்கிறீர்களோ அதை நேர்த் திசையாக எடுங்கள். அந்தப் பக்கம் உருண்டால் எப்படிச் சுழலுமோ அதையே சுழற்சியின் நேர்த் திசையாக வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் உருளுவது என்றால் வலஞ்சுழி. இதைச் செய்யாமல் "இடஞ்சுழிதான் எப்போதும் நேர்" என்று பிடிவாதம் பிடித்தால் உருளும் நிபந்தனையில் ஒரு கழித்தல் குறி வந்து உட்கார்ந்துகொள்ளும், நடுவழியில் அது தொலையும்.

அப்புறம் உராய்வு. அதை உங்களுக்குப் பிடித்த பக்கம் வரையுங்கள், எந்தப் பக்கமானாலும் சரி. விடை நேர்க்குறியில் வந்தால் வரைந்த பக்கம், எதிர்க்குறியில் வந்தால் மறுபக்கம், அவ்வளவுதான். பிறகு இரண்டு சமன்பாடுகள்: எல்லா விசைகளையும் கூட்டினால் நிறை × முடுக்கம், மையத்தைப் பற்றிய திருப்பு விசைகளையெல்லாம் (விசை × அச்சிலிருந்து விசைக் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரம்) கூட்டினால் நிலைமத் திருப்புத்திறன் × கோண முடுக்கம். மூன்றாவதாக உருளும் நிபந்தனை. தெரியாதவை மூன்று (முடுக்கம், கோண முடுக்கம், உராய்வு), சமன்பாடுகளும் மூன்று.

கடைசியாக, எல்லாரும் விட்டுவிடுகிற படி: கிடைத்த உராய்வு, உச்ச அளவைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் நீங்கள் "உருளுகிறது" என்று வைத்துக்கொண்டதே தவறு. உருளும் நிபந்தனையைத் தூக்கிப் போட்டுவிட்டு, உராய்வை அதன் இயக்க அளவில், அதாவது நழுவும்போது உள்ள குணகம் × செங்குத்து விசை என்று வைத்து, முதலிலிருந்து போட வேண்டும்.

சாய்தளத்தில் போட்டுப் பார்ப்போம்

சாய்தளத்தில் இறங்கும் உருண்டை. கீழ்ப்பக்கம் நேர். உராய்வு இல்லை என்றால் பொருள் சுழலாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், தொடும் புள்ளியும் கீழே போகும். அதைத் தடுக்க உராய்வு மேல்பக்கம் இருக்க வேண்டும். மையத்தைப் பற்றித் திருப்பு விசை தருவது உராய்வு ஒன்றுதான், ஏனென்றால் எடையும் செங்குத்து விசையும் மையம் வழியாகவே போகின்றன. அதனால் உராய்வு × ஆரம் = நிலைமத் திருப்புத்திறன் × கோண முடுக்கம். உருளும் நிபந்தனையை இதில் போட்டால் ஆரம் அடிபட்டு,

உராய்வு = வடிவ எண் × நிறை × முடுக்கம்

என்று சுருங்கிவிடும். இதை விசைச் சமன்பாட்டில் போட்டால்,

முடுக்கம் = வழுக்கும்போது இருந்திருக்கும் முடுக்கம் ÷ (1 + வடிவ எண்)

வழுக்கும் முடுக்கம் என்பது 9.8 × சாய்வுக் கோணத்தின் சைன். திண்மக் கோளம் அதில் 5/7 பங்கு முடுக்கத்தோடு இறங்கும், தட்டு 2/3, உள்ளீடற்ற கோளம் 3/5, வளையம் பாதி. நிறையும் ஆரமும் விடையில் எங்கேயும் இல்லை. குட்டிக் கோலியும் இரும்புக் குண்டும் ஒன்றாக விட்டால் ஒன்றாகவே வந்து சேரும்.

இதை வீட்டிலேயே செய்து பாருங்கள், பத்து ரூபாய்கூடச் செலவாகாது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பலகை, ஒரு கோலிக்குண்டு, பிளம்பிங் வேலையில் மிஞ்சிய பிவிசி குழாய்த் துண்டு ஒன்று. பலகையில் ஒரு மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் உயரும்படி ஒரு முனைக்கு அடியில் புத்தகங்களை அடுக்குங்கள். ஒரு ஸ்கேலைக் குறுக்கே பிடித்து, கோலியும் குழாயும் அதன்மேல் முட்டி நிற்கும்படி வைத்து, ஸ்கேலைச் சட்டென்று முன்பக்கமாக எடுத்துவிடுங்கள். கையால் விட்டால் ஏதாவது ஒன்றுக்குத் தள்ளு விழும், அதனால் ஸ்கேல்தான் சரி. கோலியின் முடுக்கம் 0.98-ல் 5/7, அதாவது 0.70. ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 1.7 நொடி. மெல்லிய வளையமாக இருந்தால் 2 நொடிக்கு மேல் ஆகும். நொடிக்கணக்கைப் போனில் பிடிப்பது கொஞ்சம் சிரமம், அதைவிட நல்ல வழி வீடியோ எடுப்பது. கோலி ஒரு மீட்டர் கோட்டைத் தொடும் ஃபிரேமில் நிறுத்தி, குழாயின் முன்விளிம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மெல்லிய வளையம் என்றால் 70 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். உள் ஆரம் வெளி ஆரத்தில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கும் குழாய் என்றால் வடிவ எண் 0.905, அது 73-74 சென்டிமீட்டரில் இருக்கும். புத்தகத்தைக் கூட்டி, குறைத்து, சாய்வை மாற்றினாலும் இந்த 70 மாறாது, ஏனென்றால் அது இரண்டு முடுக்கங்களின் விகிதம் மட்டுமே.

தண்ணீர் நிரம்பிய பாட்டிலையும் அதே மாதிரிக் காலி பாட்டிலையும் விட்டுப் பார்த்தால் நிரம்பியதுதான் ஜெயிக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் சுழலாமல் அப்படியே கீழே போகிறது, ஓடு மட்டும்தான் சுழல்கிறது, அதனால் வடிவ எண் மிகச் சின்னது. திண்மப் பொருள் சூத்திரத்தை மட்டும் அதில் போடாதீர்கள்.

1638-ல் வெளியான நூலில் கலிலியோ விவரிக்கும் சோதனையும் இதே உருளும் குண்டுதான். மரத்தில் காடி வெட்டி, வெண்கலக் குண்டை உருட்டி, கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று காட்டினார். குண்டு சுழல்வதால் முடுக்கம் குறைந்தாலும் இந்த வர்க்க விதி அப்படியே நிற்கும், மாறுவது பெருக்கும் எண் மட்டும்தான். காடியில் உருளும் குண்டு அடியில் தொடாமல் இரண்டு ஓரங்களில் தொட்டால், சுழலும் ஆரம் குண்டின் ஆரம் அல்ல, தொடும் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டிலிருந்து மையம்வரை உள்ள உயரம். அந்த உயரம் ஆரத்தில் 0.8 பங்கு என்றால் 0.4-ஐ 0.64-ஆல் வகுக்க, வடிவ எண் 0.625 ஆகிவிடும். வழுக்கும் முடுக்கத்தில் 71 சதவீதம் கிடைக்க வேண்டிய இடத்தில் 61-62 சதவீதம்தான் கிடைக்கும். அலுமினியம் சேனலில் கோலியை உருட்டி 9.8-ஐக் கண்டுபிடிக்கப் பார்ப்பவர்களுக்கு விடை குறைவாக வருவது பெரும்பாலும் இதனால்தான்.

சரி, எப்போது நழுவும்? உருளுவதற்குத் தேவையான உராய்வை உச்ச அளவோடு ஒப்பிட்டால், சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பு திண்மக் கோளத்துக்குக் குணகத்தின் 3.5 மடங்குவரை போகலாம், தட்டுக்கு 3 மடங்கு, வளையத்துக்கு 2 மடங்கு. குணகம் 0.2 என்றால் கோளம் 35 டிகிரி வரை உருளும், வளையமோ 22 டிகிரிக்குள்ளேயே நழுவ ஆரம்பித்துவிடும்.

ஒரு பொறியும் இங்கே உண்டு. பந்து சாய்தளத்தில் மேல்நோக்கி உருண்டு போகிறது, உராய்வு எந்தப் பக்கம்? வகுப்பில் பாதிப்பேர் "கீழ்ப்பக்கம்" என்பார்கள். மேலே போனாலும் முடுக்கம் கீழ்ப்பக்கம்தான், சுழற்சியும் குறைந்துகொண்டே வருகிறது, அதைக் குறைக்கும் திருப்பு விசையைத் தர மேல்பக்க உராய்வால்தான் முடியும். ஏறினாலும் இறங்கினாலும் சாய்தளத்தில் தானாக உருளும் பொருளுக்கு உராய்வு மேல்பக்கமே.

எந்த உயரத்தில் இழுக்கிறீர்கள்?

என்னைக் கேட்டால் இந்தப் பாடத்திலேயே அழகான சூத்திரம் இதுதான், ஆனால் பாடப்புத்தகங்கள் இதைத் துண்டு துண்டாகத்தான் தருகின்றன. சமதரையில் இருக்கும் உருளும் பொருளை, மையத்துக்கு மேலே ஓர் உயரத்தில் கிடைமட்டமாக இழுக்கிறீர்கள். அந்த உயரத்தை ஆரத்தால் வகுத்து வருவதை உயர விகிதம் என்போம். மையத்தில் இழுத்தால் 0, உச்சியில் 1, மையத்துக்குக் கீழே என்றால் எதிர்க்குறி. மேலே சொன்ன மூன்று சமன்பாடுகளை எழுதினால் வருவது:

முன்பக்க உராய்வு = இழுவிசை × (உயர விகிதம் − வடிவ எண்) ÷ (1 + வடிவ எண்)

இனி தட்டை மையத்தில் இழுத்துப் பாருங்கள். 0-லிருந்து 1/2 கழிக்க, 3/2-ஆல் வகுக்க, உராய்வு இழுவிசையில் மூன்றில் ஒரு பங்கு, பின்பக்கம். அதே தட்டை உச்சியில் இழுத்தால் அதே மூன்றில் ஒரு பங்கு, இப்போது முன்பக்கம். இழுக்கிற திசையிலேயே உராய்வும் சேர்ந்து தள்ளுகிறது! வளையத்தை உச்சியில் இழுத்தால் முதல் அடைப்புக்குறிக்குள் 1 − 1, உராய்வே இல்லை, வழவழப்பான பளிங்குத் தரையானாலும் அது நழுவாமல் உருளும். எல்லாப் பொருளுக்கும் இப்படி ஓர் உயரம் இருக்கிறது, உயர விகிதம் வடிவ எண்ணுக்குச் சமமாகும் இடம். பில்லியர்ட்ஸ் பந்துக்கு அது மையத்துக்கு மேலே ஆரத்தில் 2/5 பங்கு, அதாவது மேசையிலிருந்து 7/5 ஆரம். குச்சியால் கிடைமட்டமாக அங்கே குத்தினால் பந்து முதல் கணத்திலிருந்தே நழுவாமல் உருளும். அதற்குக் கீழே குத்தினால் கொஞ்ச தூரம் வழுக்கிய பிறகுதான் உருளும், மேலே குத்தினால் தேவைக்கு மேல் சுழன்றுகொண்டு கிளம்பும், உராய்வு அதை முன்பக்கம் தள்ளிவிடும். புயல் சுழல்வதற்குக் காரணம் சொல்லும்போது பெயர் அடிபடும் அதே கொரியாலிஸ்தான் 1835-ல் பில்லியர்ட்ஸ் பந்தின் இயக்கத்துக்கு என்றே ஒரு தனி நூல் எழுதினார்.

சைக்கிளையும் இதோடு முடித்துவிடலாம். மிதிக்கும்போது பின்சக்கரத்தை ஓட்டுவது சங்கிலியின் திருப்பு விசை, அது தொடும் புள்ளியைப் பின்னால் தள்ளப் பார்க்கிறது, அதனால் உராய்வு முன்பக்கம். முன்சக்கரத்துக்குச் சங்கிலி கிடையாது, சட்டகம் அதன் அச்சைப் பிடித்து முன்னால் தள்ளுகிறது, மையத்தில் இழுத்த கதைதான், உராய்வு பின்பக்கம். ஆனால் இரண்டும் சம அளவு என்று நினைத்துவிடாதீர்கள். ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ, முடுக்கம் 1 மீ/வி², முன்சக்கரம் ஒன்றரை கிலோ, கிட்டத்தட்ட வளையம் என்று வைத்தால், முன்சக்கரத்தில் உராய்வு ஒன்றரை நியூட்டன்தான், பின்சக்கரத்தில் 81 நியூட்டனுக்கு மேல்.

நூல்கண்டு எந்தப் பக்கம் உருளும்?

நடுவில் ஒல்லியாக, இரு பக்கமும் அகன்ற தட்டு வைத்த நூல்கண்டை எடுத்து, நூல் அடிப்பக்கமிருந்து வரும்படி மேசையில் வையுங்கள். நூலைக் கிடைமட்டமாக மெதுவாக இழுத்தால் உங்களை நோக்கியே வரும், நூல் பிரிவதற்குப் பதிலாகச் சுற்றிக்கொள்ளும். பெரும்பாலானவர்கள் எதிர்ப்பக்கம் போகும் என்றுதான் பந்தயம் கட்டுவார்கள். இப்போது நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக்கொண்டே இழுங்கள், ஒரு கோணத்தில் கண்டு உருளவே மாட்டேன் என்று நிற்கும். அதற்கும் மேலே நிமிர்த்தினால் உங்களை விட்டு விலகி ஓடும்.

இதற்கு மூன்று சமன்பாடுகளை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அச்சை மையத்திலிருந்து எடுத்துத் தொடும் புள்ளியில் வையுங்கள். உராய்வு, செங்குத்து விசை, எடை மூன்றுமே அந்தப் புள்ளி வழியாகப் போகின்றன, திருப்பு விசை தருவது நூல் மட்டும்தான். நூலின் கோட்டைத் தரைவரை நீட்டிப் பாருங்கள். தொடும் புள்ளிக்கு அந்தப் பக்கம் தரையைத் தொட்டால் கண்டு உங்களிடம் வரும், இந்தப் பக்கம் தொட்டால் விலகும், சரியாகத் தொடும் புள்ளியிலேயே விழுந்தால் உருளாது. அந்தக் கோணத்தின் கோசைன் = உள் ஆரம் ÷ வெளி ஆரம். வெளித் தட்டு நூல் சுற்றிய பகுதியைவிட இரு மடங்கு என்றால் 60 டிகிரி. கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்ட நூல்கண்டை வெளியே இழுக்க வேண்டுமா, கையைத் தரையோடு தாழ்த்திக்கொள்ளுங்கள்.

தொடும் புள்ளியை அச்சாக வைக்கும் இந்த முறை சாய்தளத்துக்கும் ஒரே வரியில் விடை தரும், அங்கே இணையச்சுத் தேற்றப்படி (அச்சை மையத்திலிருந்து நகர்த்தும்போது பயன்படும் விதி) நிலைமத் திருப்புத்திறன் (1 + வடிவ எண்) × நிறை × ஆர வர்க்கம். ஒரு பக்கம் கனம் கூடுதலாக இருக்கும் உருளைக்கு, அதாவது நிறை மையம் நடுவில் இல்லாததற்கு, இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. தொடும் புள்ளிக்கு முடுக்கம் உண்டு, அந்த முடுக்கம் நிறை மையத்தை நோக்கி இல்லாவிட்டால் சமன்பாட்டில் இன்னொரு உறுப்பு சேரும்.

வழுக்கிக்கொண்டு கிளம்பும் பந்து

பவுலிங் பந்தைச் சுழற்றாமல் வீசினால் முதலில் வழுக்கும், போகப் போகச் சுழற்சி பிடித்து உருள ஆரம்பிக்கும். இங்கே உருளும் நிபந்தனை ஆரம்பத்தில் பொய், அதனால் குணகம் × செங்குத்து விசையை உராய்வாக எழுத உரிமை உண்டு. ஆனால் "கடைசியில் எந்த வேகத்தில் உருளும்" என்று மட்டும் கேட்டால் உராய்வைத் தொடவே வேண்டாம். பந்து போகும் பாதையில் தரைமேல் ஏதாவது ஒரு புள்ளியை அச்சாக எடுங்கள். உராய்வு அதன் வழியாகப் போகிறது, எடையும் செங்குத்து விசையும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன, ஆக அந்தப் புள்ளியைப் பற்றிய கோண உந்தம் (உந்தத்தின் சுழற்சி வடிவம்) மாறாது. வருவது:

இறுதி வேகம் = தொடக்க வேகம் ÷ (1 + வடிவ எண்)

திண்மப் பந்துக்கு 5/7. தரை சொரசொரப்பானாலும் வழவழப்பானாலும் அதே 5/7தான், மாறுவது அதற்கு ஆகும் நேரமும் தூரமும் மட்டும். நொடிக்கு 7 மீட்டரில் விட்ட பந்து 5 மீட்டரில் உருளும். குணகம் சராசரியாக 0.1 என்றால் வேகம் நொடிக்கு 0.98 வீதம் குறையும், 2 மீட்டர் குறைய 2.04 நொடி, அதற்குள் சராசரி 6 மீட்டர் வேகத்தில் 12 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போயிருக்கும். பவுலிங் தளத்தில் கோட்டிலிருந்து முதல் பின்வரை 60 அடி, அதாவது 18.3 மீட்டர். ஆக மூன்றில் இரண்டு பங்கு தூரத்தைப் பந்து வழுக்கியே கடந்துவிடுகிறது. இந்தக் கட்டத்தில் ஆற்றல் மாறா விதியைப் போட்டீர்களோ, விடை காலி. தொடக்க ஆற்றலில் 7-ல் 2 பங்கு வெப்பமாகப் போயிருக்கும்.

இதையே திருப்பிப் போட்டால் ஒரு வித்தை கிடைக்கும். டேபிள் டென்னிஸ் பந்தை மேசையில் வைத்து, உங்கள் பக்கத்து ஓரத்தில் விரலால் அழுத்திப் பிதுக்கிவிடுங்கள். பந்து முன்னால் பாயும், ஆனால் சுழற்சி உங்கள் பக்கமாக இருக்கும், கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பி வரும். கோண உந்தக் கணக்கில் சுழற்சிக்குக் கழித்தல் குறி போட்டால்:

இறுதி வேகம் = (முன்னோக்கிய வேகம் − வடிவ எண் × விளிம்பின் சுழல் வேகம்) ÷ (1 + வடிவ எண்)

இது எதிர்க்குறியில் வந்தால் பந்து திரும்பி வரும். உள்ளீடற்ற பந்துக்கு வடிவ எண் 2/3 என்பதால் விளிம்பின் சுழல் வேகம் முன்னோக்கிய வேகத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் போதும். திண்மக் கோலிக்கு இரண்டரை மடங்கு வேண்டும், அதனால்தான் கோலியில் இந்த வித்தை அவ்வளவு சுலபமாக வராது. முன்னோக்கி 1 மீட்டர், விளிம்பில் 3 மீட்டர் என்றால் டேபிள் டென்னிஸ் பந்து நொடிக்கு 0.6 மீட்டரில் உங்களிடமே உருண்டு வரும். பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், அப்படியானால் விரல் அதற்குக் கொடுத்த சுழற்சி நொடிக்கு ஏறத்தாழ 24 சுற்று.

ஆற்றல் வழியில் இரண்டு பொறிகள்

நழுவாமல் உருளும் பொருளின் மொத்த இயக்க ஆற்றல், வழக்கமான அரை × நிறை × வேக வர்க்கத்தை (1 + வடிவ எண்)-ஆல் பெருக்கினால் வருவது. வேகம் மட்டும் கேட்கும் கணக்குக்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

முதல் பொறி, ஒரு பக்கம் சொரசொரப்பான சரிவு, மறுபக்கம் உராய்வே இல்லாத சரிவு. பந்து உருண்டு இறங்கி மறுபக்கம் ஏறுகிறது. அங்கே சுழற்சியை நிறுத்த உராய்வு இல்லை, உச்சிக்குப் போனாலும் பந்து அதே வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும், அந்த ஆற்றல் உயரமாக மாறாது. அதனால் திண்மக் கோளம் கிளம்பிய உயரத்தில் 5/7 பங்குதான் ஏறும். ஆற்றல் எங்கேயும் போய்விடவில்லை, சுழற்சியில் மாட்டிக்கொண்டது.

இரண்டாவது, செங்குத்து வட்டப் பாதை. வழுக்கும் பொருள் வட்டத்தை முழுசாகச் சுற்றிவர, வட்ட ஆரத்தின் 2.5 மடங்கு உயரத்திலிருந்து விட வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். உருளும் திண்மக் கோளத்துக்கு 2.7 மடங்கு. கோளம் வட்டத்தைவிட மிகச் சின்னது என்று எடுத்துக்கொண்டால்தான் இந்த எண். கேள்வியில் "உருளும்" என்ற ஒரு சொல்லைப் பார்க்காமல் 2.5 என்று குறித்துவிட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

அப்படியானால் பந்து ஏன் நிற்கிறது?

சமதரையில் சீரான வேகத்தில் உருளும் பந்துக்கு எவ்வளவு உராய்வு? நம் சமன்பாடுகளின்படி பூஜ்யம். கூர்மையான பிள்ளைகள் இங்கே கையைத் தூக்குவார்கள்: உராய்வு பூஜ்யம் என்றால் தரையில் உருட்டிவிட்ட பந்து ஏன் நின்றுபோகிறது?

பின்பக்க உராய்வு என்று சொல்லித் தப்பிக்கப் பாருங்கள், மாட்டிக்கொள்வீர்கள். பின்பக்க உராய்வு பந்தின் ஓட்டத்தைக் குறைக்கும், சரி. ஆனால் மையத்தைப் பற்றி அதன் திருப்பு விசை சுழற்சியைக் கூட்டும். ஓட்டம் குறைந்து சுழற்சி கூடினால் உருளும் நிபந்தனை உடைந்துவிடும். திண்மப் பொருளும் திண்மத் தரையும், அதாவது கொஞ்சமும் அமுங்காதவை, என்றால் இதற்கு விடையே கிடையாது. உண்மையில் பந்தும் தரையும் தொடும் இடத்தில் கொஞ்சம் அமுங்குகின்றன, தொடுவது புள்ளியாக இல்லாமல் ஒரு சின்னப் பரப்பாக இருக்கிறது, அதன் முன்பகுதி பின்பகுதியைவிட அதிகமாக அழுத்துகிறது. அதனால் செங்குத்து விசை மையத்துக்கு நேர் கீழே இல்லாமல் சற்று முன்னால் தள்ளிச் செயல்பட்டு, சுழற்சியைக் குறைக்கும் திருப்பு விசையைத் தருகிறது. இதுதான் உருளல் தடை. தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு இது சுமையில் 0.001 முதல் 0.002 பங்கு, தார்ச்சாலையில் கார் டயருக்கு 0.01 முதல் 0.015 பங்கு. ஒரு டன் சுமையை நகர்த்திக்கொண்டே இருக்க ரயிலுக்கு 10, 20 நியூட்டன் போதும், காருக்கு 100, 150 வேண்டும். தேர்வுக் கணக்கில் "திண்மப் பொருள்" என்று போட்டிருந்தால் இதைச் சேர்க்காதீர்கள், சமதரையில் சீராக உருள்கிறதா, உராய்வு பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.